மருந்தின் நான்கு கூறுகளும் இக்கால மருத்துவமனையும்

1. ஆய்வின் நோக்கம்

திருக்குறட் பொருட்பாலில் 95-ஆம் அதிகாரமாக நிற்கும் 'மருந்து', நம் முதுகலை வகுப்புகளிற் பெரும்பாலும் பண்டைத் தமிழரின் உணவு நெறிக்குச் சான்றாகவே பயிலப்பட்டு வருகின்றது. அவ்வதிகாரத்தின் இறுதியில் நிற்கும் மூன்று குறட்பாக்கள் மருத்துவ வினையைப் பற்றியன. அவற்றுக்குப் பரிமேலழகர் வகுத்த உரையை மாணவர் மனத்திற் பதித்துத் தேர்வில் ஒப்புவிக்கின்றனர். அவ்வுரையில் நோயாளிக்கு வேண்டும் இயல்புகளுள் முதலாவதாகப் 'பொருளுடைமை' நிற்கின்றது. அதனை நின்று நோக்கி, 'இது வள்ளுவர் கருத்தோ, உரையாசிரியர் கருத்தோ?' என்று வினவுவார் மிகச் சிலரே.

இவ்வினா உரைநூலாராய்ச்சியோடு ஒழிவதன்று. கோவையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில் அமைந்தது சூலூர். அதனைச் சூழ்ந்த ஊர்களில் விசைத்தறி ஓட்டுவாரும், நூலாலைத் தொழிலாளரும், தோட்டம் வைத்திருக்கும் சிறு வேளாளரும் வாழ்கின்றனர். இத்தகைய இல்லமொன்றில் ஒருவர் நோயுற்றால் 'என்ன நோய்?' என்னும் வினாவோடு 'எவ்வளவு ஆகும்?' என்னும் வினாவும் உடன் எழுகின்றது. பெருவழியில் மேற்கே சிறிது தொலைவு சென்றால் தென்னகமெங்கும் பெயர்பெற்ற தனியார் மருத்துவமனைகள் பல உள்ளன. அங்குக் கிடைக்கும் திறமை பெரிது. அத்திறமையின் நிழலில் வேண்டாத சிகிச்சையும் தகாத விலையும் வளர்வதாக எழும் முறையீடும் பெரிது. அம்முறையீட்டை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? நம் இலக்கியத்தில் அதற்குரிய அளவுகோல் உண்டு என்பதும், அவ்வளவுகோலோடு உரை வழியாக வந்து கலந்த ஒரு கூறு அதன் பயனைக் குறைத்துவிட்டது என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ முயல்வன.

2. அதிகாரத்தின் பொருளடைவு

'மருந்து' என்னும் பெயரை நோக்கின் மருந்துகளின் பெயரும் பயனும் கூறப்படும் என்றே கற்பவர் எதிர்பார்ப்பர். ஆயின், பத்துக் குறட்பாவில் ஒரு மருந்தின் பெயரேனும் இல்லை. முதற் குறள் மிகையும் குறையும் நோய்க்குக் காரணமாதலை உரைக்கின்றது. அடுத்த ஆறும் உண்ணும் முறையையே வற்புறுத்துகின்றன. அவற்றுள் முதலாவது, முன் உண்டது அற்றதறிந்து உண்பவனுக்கு மருந்தே தேவைப்படாது என்கின்றது. ஆகவே, மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் மருந்து குறித்து ஆசிரியர் கூறும் முதற் செய்தி, அது வேண்டாமற்போகும் நிலையைப் பற்றியதே. எஞ்சிய மூன்றில் எட்டாவது நோயையும், அதன் முதலையும், அது தணியும் வழியையும் ஆராய்ந்து செய்க என்கின்றது. ஒன்பதாவது நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றையும் கருதச் சொல்கின்றது. பத்தாவது மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது.

அதிகாரம் நிற்கும் இடமும் கருதத்தக்கது. பரிமேலழகர் பகுப்பின்படி அங்கவியலின் இறுதி அதிகாரம் இதுவே. இதற்கு முன் முறையே வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்பன நிற்கின்றன. இம்மூன்றும் ஒருவனது கைப்பொருளைக் கரைப்பன; அவற்றிலிருந்து விலகுதல் அவன் கையில் உள்ளது. நான்காவதாக வரும் நோயோ விலகுவான் விரும்பினும் முழுதும் விலகாதது. சூதாடுவானைக் 'கெட்டழிந்தான்' என உலகம் பழிக்கும். நோயால் பொருளிழந்தானை அவ்வாறு பழித்தல் அறமன்று. இந்திய அரசு 2017-18-இல் நடத்திய 75-ஆவது சுற்றுத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, மகப்பேறு நீங்கலாக ஒருமுறை மருத்துவமனையிற் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு ஊர்ப்புறத்தில் அரசு மருத்துவமனையில் சராசரி 4,290 உரூபாவும் தனியார் மருத்துவமனையில் 27,347 உரூபாவும் செலவாயின. நகர்ப்புறத்தில் அவ்வெண்கள் முறையே 4,837, 38,822 ஆகும். ஊர்ப்புறத்தில் ஆறு மடங்கும் நகர்ப்புறத்தில் எட்டு மடங்கும் வேறுபாடு காண்கின்றோம். சூதுக்கு அடுத்து மருந்தை வைத்த முறைக்கு ஆசிரியர் கருதாத ஒரு பொருத்தத்தைக் காலம் உண்டாக்கிவிட்டது.

3. கூறுகளின் முறைவைப்பு

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும் வழக்கு வள்ளுவர்க்கே உரியதன்று. வடமொழி ஆயுள்வேத நூல்களாகிய சரக சங்கிதை, சுச்ருத சங்கிதை, வாக்படரின் அட்டாங்க இருதயம் ஆகிய மூன்றிலும் இப்பகுப்பு உண்டு. அங்கு அவை 'நான்கு பாதங்கள்' எனப்படும். எனவே பகுப்பு ஒன்றே. முறைவைப்போ வேறு.

சரகரும் வாக்படரும் மருத்துவனை முதலிலும், மருந்தை இரண்டாவதும், பணி செய்பவனை மூன்றாவதும், நோயாளியை ஈற்றிலும் வைப்பர். சுச்ருதர் மருத்துவனை முதலிலும் நோயாளியை இரண்டாவதும் வைப்பர். மூவருக்கும் மருத்துவனே தலைமையன். வள்ளுவரோ நோயுற்றவனை முதற்கண் வைத்து, நோய் தீர்ப்பவனை இரண்டாவதாகவும், மருந்தை மூன்றாவதாகவும், உடனிருந்து பணி செய்பவனை இறுதியிலும் வைத்தார்.

'இது யாப்பு நோக்கிய வைப்பு. இதில் கருத்து வேறுபாடு காணல் மிகை' எனச் சிலர் தடை கூறலாம். ஒன்பதாங் குறளில் நோயுற்றவன் முன் வருதற்கு எதுகையும் ஒரு காரணமாதல் கூடும் என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின், பத்தாங் குறளின் ஈரடிகளிடையே முழு எதுகை இல்லை. எனவே எதுகைக் கட்டு அங்கு முறையை நெருக்கவில்லை. அடுத்தடுத்து வரும் இரண்டு குறட்பாக்களிலும் நோயுற்றவனே முதலில் நிற்றலும், அவனது அளவு நோயின் அளவுக்கும் முன்னர் எண்ணப்படுதலும் நோக்க, இது கருதிச் செய்த வைப்பு எனக் கோடலே பொருந்தும். மருத்துவன் நூல் எழுதுங்கால் மருத்துவன் முதல்வனாகின்றான். அறநூலார் எழுதுங்கால் துன்புறுபவன் முதல்வனாகின்றான்.

4. 'பொருளுடைமை' வந்த வழி

வள்ளுவர் நான்கு கூறு என்றதோடு நின்றார். ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்பு கூறி அவற்றைப் பதினாறாக விரித்தவர் பரிமேலழகர். அவர் விரித்தவற்றை எம் சொல்லிற் சுருக்கித் தருதும்.

நோயுற்றவன் பொருள் உடையனாய், மருத்துவன் சொல்வழி நிற்பவனாய், தன் நோயின் நிலையை எடுத்துரைக்க வல்லனாய், மருந்தால் வரும் துன்பத்தைத் தாங்குபவனாய் இருத்தல் வேண்டும். மருத்துவன் நோயைக் கண்டு கலங்காதவனாய், ஆசிரியனிடம் முறையாகக் கற்ற கல்வியும் கூரிய அறிவும் உடையவனாய், பலமுறை நோய் நீக்கிப் பழகியவனாய், உள்ளம் உரை உடல் மூன்றானும் தூயனாய் இருத்தல் வேண்டும். மருந்து பல நோய்க்கும் பயன்படுவதாய், ஆற்றல் மிக்கதாய், எளிதிற் கிடைப்பதாய், நோயாளியின் இயல்புக்குப் பொருந்துவதாய் இருத்தல் வேண்டும். பணி செய்பவன் நோயாளியிடத்து அன்பும், தூய்மையும், சொன்னதைச் சொன்னவாறு செய்யும் திறமும், அறிவும் உடையனாதல் வேண்டும்.

இவ்விரிவை வடநூல்களோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். சரகர் நோயாளிக்குக் கூறும் நான்கு இயல்புகள் நினைவாற்றல், சொன்னபடி செய்தல், அஞ்சாமை, நோயை எடுத்துரைத்தல் என்பன. அவற்றுள் பொருளுடைமை இல்லை. சுச்ருதர் பட்டியலில் அஃது உண்டு. எனினும் அப்பட்டியல் நான்கினும் மிக்கது, பிற இயல்புகளும் வேறாவன. வாக்படர் அட்டாங்க இருதயத்தின் முதல் அதிகாரத்திற் கூறுவன செல்வமுடைமை, மருத்துவனுக்கு வயப்படுதல், நோயை எடுத்துரைத்தல், மனவலிமை என்பன. பரிமேலழகர் கூறும் நான்கும் முறை பிறழாது இவற்றோடு ஒத்து நிற்கின்றன. பணி செய்பவனுக்குரிய அன்பு, தூய்மை, திறம், அறிவு என்னும் நான்கும் வாக்படரின் வரிசையிலேயே வருகின்றன. ஆகவே, பரிமேலழகர் இவ்விடத்து வாக்படர் மரபைத் தழுவினார் எனத் துணிதல் தகும்.

இதனால் பெறப்படுவது யாது? 'பொருளுடைமை' குறளின் சொல்லிலும் இல்லை. அதன் குறிப்பிலும் இல்லை. மருத்துவத் தொழிலாளர் தம் நூலில் 'எத்தகைய நோயாளியை ஏற்றால் சிகிச்சை வெற்றி பெறும்?' என்று நடைமுறை நோக்கி எழுதிய தகுதி அது. பொருள் இல்லாதவனுக்கு விலைமிக்க மருந்தைத் தொடர்ந்து தர இயலாமையின், அவர்கள் அதனைக் கூறினர். அது உலகியல் பற்றிய கூற்று. அறம் பற்றிய விதியன்று. உரை வழியாக அது அறநூலின் பொருளாக ஏறிவிட்டது. பரிமேலழகரின் புலமை நுட்பத்துக்கு இதனால் இழுக்கில்லை. அவர் தம் காலத்து மருத்துவ நூலறிவைக் குறளுக்கு விளக்கமாகத் தந்தார். விளக்கத்தை மூலமாகக் கொள்ளும் கற்பாரிடத்ததே பிழை.

அவரது உரையிலேயே இதற்கு மாற்றும் உண்டு. மருந்து எளிதிற் கிடைத்தல் வேண்டும் என்பதும் அவர் கூறிய இயல்பே. நோயாளிக்குப் பொருள் வேண்டும் என்பது ஒரு பக்கம்; மருந்து எளிதில் எய்தற்பாலது என்பது மறுபக்கம். இவ்விரண்டனுள் எதனை அரசும் சமுதாயமும் முதன்மையாகக் கொள்கின்றன என்பதைப் பொறுத்தே ஒரு நாட்டின் மருத்துவ முறை அமைகின்றது. காஞ்சிபுரப் பகுதியிலுள்ள திருமுக்கூடற் கோயிலின் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையொன்று கோயிலிற் பேணப்பட்டதைத் தெரிவிக்கின்றது. மருத்துவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என ஊதியம் வரையறுக்கப்பட்டது. அறுவை செய்வானும், மருந்து கொணர்வாரும், பணிப்பெண்டிரும் தத்தமக்கு வரையறுத்த ஊதியம் பெற்றனர். அச்சாலை கோயிலைச் சார்ந்தார்க்கும் அங்குக் கல்வி பயில்வார்க்கும் உரியதாகவே இருந்தது; எல்லார்க்கும் பொதுவாயிற்று எனக் கூறுவதற்கில்லை. எனினும் அங்கே நோயாளியின் பொருளுடைமை தகுதியாக வைக்கப்படவில்லை என்பதும், செய்த சிகிச்சையின் எண்ணிக்கையால் மருத்துவனின் வருவாய் பெருகவில்லை என்பதும் இவ்வாய்வுக்கு இன்றியமையாதன.

5. அளவு என்னும் அளவுகோல்

வேண்டாத சிகிச்சை என்பதை எவ்வாறு அறிவது? ஒன்பதாங் குறளில் வரும் 'அளவு' என்னும் சொல்லே அதற்குரிய திறவுகோல். நோயுற்றவனின் வயது, வலிமை முதலியன ஓரளவு. நோயின் தன்மை, முதிர்ச்சி முதலியன மற்றோரளவு. காலம் என்பது நோயின் பருவத்தையும் மருந்து செய்தற்கேற்ற பொழுதையும் குறிக்கும். இம்மூன்றுக்கும் புறம்பான ஒன்று சிகிச்சையைத் தீர்மானிக்குமாயின், அது கூடுதலானாலும் குறைவானாலும் அளவு பிறழ்ந்த சிகிச்சையே. முதற் குறள் உணவுக்கும் செயலுக்கும் கூறிய மிகை குறை என்னும் நெறி இங்கு மருத்துவ வினைக்கும் இயைகின்றது.

மகப்பேற்றில் இவ்வளவு எவ்வாறு நிற்கின்றது என நோக்குவோம். உலக நலவாழ்வு நிறுவனம் 1985-இல், எந்த நிலப்பகுதியிலும் அறுவை வழி மகப்பேறு 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேற்படுதற்குக் காரணமில்லை எனக் கருதியது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 21.5 விழுக்காடு குழந்தைகள் அறுவை வழிப் பிறந்தன. தமிழ்நாட்டில் அது 44.9 விழுக்காடு. அதனைப் பகுத்தால் அரசு மருத்துவமனைகளில் 36.0, தனியார் மருத்துவமனைகளில் 63.8 எனக் காண்கின்றோம். அதற்கு முந்திய, 2015-16-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த எண் 34.1 ஆகவே இருந்தது.

இவ்வெண்களை வைத்துத் தனியார் மருத்துவமனையில் நிகழும் அறுவை ஒவ்வொன்றும் பொருள் நசையால் நிகழ்ந்தது என்பார் உளராயின், அது நடுவு நிலைமை ஆகாது. அரசு மருத்துவமனையிலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் அறுவை நிகழ்கின்றது. அங்கு மருத்துவர்க்கு அறுவையால் தனி வருவாய் இல்லை. காலந்தாழ்ந்த திருமணம், முதல் மகப்பேறு அறுவையானதால் அடுத்ததும் அறுவையாதல், வலிக்கு அஞ்சுதல், வழக்குக்கு அஞ்சும் மருத்துவரின் தற்காப்பு என்பன பொதுக் காரணங்களாகலாம். கொங்கு நாட்டிலும் பிறவிடங்களிலும் சோதிடர் குறித்த ஓரையில் குழந்தை பிறத்தல் வேண்டும் என்று குடும்பத்தாரே அறுவை வேண்டுதலும் உண்டு. குறள் கூறும் 'காலம்' இவ்வோரை அன்று என்பதை வகுப்பில் எடுத்துரைப்பதும் தமிழாசிரியர் கடமையே. இவையனைத்தையும் கழித்த பின்னும், ஒரே மாநிலத்தில் ஒரே தலைமுறைத் தாய்மாரிடையே 36-க்கும் 64-க்கும் இடையே நிற்கும் இடைவெளி எஞ்சுகின்றது. தனியார் மருத்துவமனைக்குச் செல்வார் உடலளவானும் நோயளவானும் இத்துணை வேறுபட்டவர் எனக் கோடற்குச் சான்றில்லை. நோயுற்றவன் அளவும் நோயளவும் காலமும் அல்லாத வேறொன்று அங்கே புகுந்துள்ளது.

பெர்னாட்சா தம் 'மருத்துவரின் இக்கட்டு' என்னும் நாடகத்துக்கு 1911-இல் வெளியிட்ட முன்னுரையில், அறுவை செய்தற்குப் பணம் பெறுபவனிடமே அறுவை வேண்டுமா என்னும் தீர்ப்பையும் ஒப்படைத்த சமுதாயத்தின் அறியாமையை எள்ளினார். பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரை, நோயாளி அறியாததை மருத்துவன் அறிதலால் மருத்துவம் ஏனைய வாணிகம் போல் சந்தை நெறிக்கு அடங்காது என விளக்கியது. வாங்குவானுக்கு எது தேவை என்பதை விற்பவனே கூறும் நிலை பிற கடைகளில் இல்லை. ஆதலின் அங்கே தூய்மை என்னும் இயல்பு அணியாக நில்லாது அடிப்படையாக வேண்டப்படுகின்றது.

6. விலையும் நடுவும்

மிகைச் சிகிச்சைக்கு 'அளவு' அளவுகோலாயின், மிகை விலைக்கு அளவுகோல் யாது? மருந்து அதிகாரம் விலையைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளுக்குச் செல்லுதல் வேண்டும். பிறர் பொருளையும் தம் பொருள் போற் பேணிச் செய்வதே வாணிகர்க்கு வாணிகம் என்பது அதன் கருத்து. மருத்துவமனை வாணிகமாகிவிட்டது என்று பலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தைச் சற்றுத் திருத்திக் கூறலாம்: வாணிகமாயினும் ஆகுக, வள்ளுவர் கூறிய வாணிகமாகவேனும் இருக்கின்றதா என்பதே வினா.

இதயக் குருதிக் குழாயிற் பொருத்தும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழலை எடுத்துக்கொள்வோம். 2017 பிப்பிரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு உச்ச விலை வகுத்தது. மருந்து பூசிய குழலுக்கு 29,600 உரூபாவும், பூசாத குழலுக்கு 7,260 உரூபாவும் விதிக்கப்பட்டன. அதற்கு முன் மருந்து பூசிய குழலின் சராசரி உச்ச விலை 1,20,000 உரூபாவை ஒட்டி இருந்தது. அவ்வாண்டு ஆகத்தில் முழங்கால் மாற்று உறுப்புகளுக்கும் உச்ச விலை வகுக்கப்பட்டது. நான்கில் ஒரு பங்காகக் குறைத்த பின்னும் விற்கக் கூடிய பொருள், அதற்கு முன் எவ்விலைக்கு விற்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2018 பிப்பிரவரியில் அவ்வாணையம் தில்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் கணக்குகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், மருந்து, நுகர்பொருள் முதலியவற்றுட் சிலவற்றில் ஆதாயம் 1,737 விழுக்காடு வரை சென்றமை காட்டப்பட்டது. இதில் நுண்ணிய செய்தி ஒன்றுண்டு. அப்பொருள்கள் பெரும்பாலும் உறையில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்கப்படவில்லை. மொத்தமாக வாங்கும் மருத்துவமனையின் விருப்பத்துக்கேற்ப உறையிலேயே உயர்ந்த விலை அச்சிடப்பட்டு வந்தது. சட்டம் மீறப்படாமலே நடுவு மீறப்பட்டது. பரிமேலழகர் கூறிய 'எளிதிற் கிடைத்தல்' என்னும் இயல்பு, பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் விலையால் கெட்டது.

மருத்துவமனையில் உள்ள மருந்துக் கடையிலேயே வாங்க வேண்டும் என நோயாளிகள் நெருக்கப்படுவது குறித்த வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானே ஆணை பிறப்பியாது, மாநில அரசுகள் தக்க கொள்கை வகுப்பது குறித்துக் கருத வேண்டும் எனக் கூறியது. விலையை அரசு வரையறுக்க இயலும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 சூனில், தனியார் மருத்துவமனைகள் நாளொன்றுக்குப் பெறத்தக்க உச்சக் கட்டணத்தை மாநில அரசு வகுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அது 15,000 உரூபா. அவ்வெல்லையும் தறி ஓட்டுவார்க்கு மிகையே. எனினும், எல்லை வகுத்தல் அரசின் கடமை என்னும் கொள்கை அதனால் நிலைபெற்றது. மருந்து பொருட்பாலில் வைக்கப்பட்டதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

7. எடுத்துரைத்தலும் உடன்பாடும்

நோயாளிக்குக் கூறிய நான்கு இயல்புகளுள் இரண்டு இக்காலத்தில் திசை மாறியுள்ளன. நோயாளி தன் நிலையை மருத்துவனுக்கு எடுத்துரைத்தல் வேண்டும் என்றது உரை. இன்று மருத்துவன் நோயாளிக்கு எடுத்துரைத்தல் வேண்டும் என்கின்றது சட்டம். நோயாளி மருத்துவன் வழி நிற்றல் வேண்டும் என்றது உரை. இன்று நோயாளியின் உடன்பாட்டு எல்லைக்குள் மருத்துவன் நிற்றல் வேண்டும் என்கின்றது சட்டம்.

2008 சனவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. நோயறி ஆய்வுக்கென உடன்பட்டு மயக்க நிலையிலிருந்த பெண்ணொருவருக்கு, அவரது உடன்பாடின்றிக் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. ஆய்வுக்குத் தந்த உடன்பாடு சிகிச்சைக்குத் தந்த உடன்பாடாகாது என்றும், உயிரைக் காத்தற்கு உடனே வேண்டியதாயினன்றிக் கூடுதல் அறுவை தகாது என்றும் நீதிமன்றம் வரையறுத்தது. பீகார், சத்தீசுகர், இராசத்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாகத் தொடுத்த பொதுநல வழக்கில், அதனைத் தடுத்தற்குரிய நெறிமுறைகளை மூன்று திங்களில் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்பிரலில் அந்நீதிமன்றமே மாநிலங்களைப் பணித்தது. அவ்வழக்கில் கூறப்பட்ட பெண்களுட் பலர் அரசின் காப்பீட்டுத் திட்டப் பயனாளிகள். 'பொருளுடைமை'யை அரசு காப்பீட்டால் வழங்கிய இடத்திலும் மிகைச் சிகிச்சை ஒழியவில்லை. அப்பொருளே அதற்குக் காரணமாயிற்று. இது நம் ஆய்வுக்கு மிக முதன்மையான செய்தி. நோயாளியிடம் பொருள் இருத்தல் அவனைக் காக்கும் என்பது வாக்படர் மரபு. அளவு காக்கப்படாதவிடத்து அப்பொருளே அவனுக்குக் கேடாகும் என்பது இக்காலம் காட்டும் உண்மை.

8. ஐந்தாவது கூறு

நான்கு கூறும் மனிதரும் மருந்துமாக நின்ற காலம் கழிந்தது. இன்றைய மருத்துவமனையில் நோயாளிக்கும் மருத்துவர்க்கும் இடையே முதலீட்டாளரும், கடன் தந்த வங்கியும், காப்பீட்டு நிறுவனமும், கட்டணம் எழுதும் பிரிவும் நிற்கின்றனர். பல கோடிக்கு வாங்கிய கருவி நாள்தோறும் இத்தனை பேரைப் படம் பிடித்தால்தான் கடன் அடையும் என்னும் கணக்கு, எந்த மருத்துவன் உள்ளத்திலும் பிறந்ததன்று. அது கட்டடத்தின் கணக்கு. இதனை ஐந்தாவது கூறு என்போம். இதற்கு வள்ளுவரும் இயல்பு கூறவில்லை, வாக்படரும் கூறவில்லை. உள்ளம் உரை உடல் என்னும் மூன்றும் இல்லாத ஒன்றிடம் அம்மூன்றின் தூய்மையை எவ்வாறு எதிர்பார்ப்பது?

இவ்வைந்தாவதைக் காணாமையே நம் கலைஞர் பலரின் குறை. 2002-இல் ஏ. ஆர். முருகதாசு இயக்கி வெளிவந்த 'இரமணா' என்னும் திரைப்படத்தில், இறந்தவர் ஒருவரின் உடலைக் கொணர்ந்து சேர்க்க, மருத்துவமனை அவ்வுடலுக்குச் சிகிச்சை செய்வதாகக் காட்டிப் பணம் பெறும் காட்சியைத் தமிழ் மக்கள் இன்றும் மறக்கவில்லை. 2017-இல் அட்லி இயக்கிய 'மெர்சல்' கொடிய மருத்துவனையும் அறமுடைய மருத்துவனையும் எதிரெதிர் நிறுத்தியது. இக்காட்சிகள் மக்களின் சினத்துக்கு உருக்கொடுத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆராய்ச்சி நோக்கில் அவை வழி பிறழச் செய்வன. பிணத்துக்குச் செய்யும் சிகிச்சை ஐயத்துக்கு இடமற்ற பொய். நாள்தோறும் நிகழ்வதோ, உயிருள்ளவனுக்கு முற்றிலும் பொய்யென்றும் கூற முடியாத, முற்றிலும் தேவையென்றும் கூற முடியாத ஒன்றைச் செய்தல். ஒருநாள் கூடுதலான படுக்கை, மீண்டும் ஒரு படம், சற்றுப் பொறுத்திருக்கக் கூடிய ஓர் அறுவை: இவற்றில் கொடியவன் முகம் தெரிவதில்லை. கொடியவனை ஒழித்தால் கேடு ஒழியும் என்னும் நம்பிக்கையை அத்திரைக்கதைகள் வளர்க்கின்றன.

கோவைச் சித்தாபுதூரில் 20 உரூபாய் மட்டுமே பெற்று நோய் பார்த்து, 'இருபது உரூபாய் மருத்துவர்' என மக்களால் அழைக்கப்பட்டுப் 2016-இல் மறைந்த பாலசுப்பிரமணியம் போன்ற நல்லார் அறத்தின் விளக்கமாக நிற்கின்றனர். அவர்தம் தூய்மை ஐந்தாவது கூற்றின் பிடிக்கு வெளியே, சிறிய அறையொன்றில் நிலைத்தது. அத்தகைய ஒருவரையே பெரிய மருத்துவமனையில் அமர்த்தி, மாதந்தோறும் அவரால் வந்த வருவாயைக் கணக்கிட்டால் அவர் என் செய்வார் என்பது எண்ணத்தக்கது. மதுரையில் மருத்துவர் கோ. வேங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு வேறொரு விடை தந்தது. கட்டணம் செலுத்துவார் வழி வரும் மிகுதியைக் கொண்டு, செலுத்த இயலாதார்க்கும் சிகிச்சை செய்யும் முறையை அது வகுத்துக்கொண்டது. அதனோடு இயைந்து 1992-இல் தொடங்கிய ஆரோலாப், கண்ணில் வைக்கும் செயற்கை வில்லையைக் குறைந்த விலையில் இங்கேயே செய்தது. அங்கே ஐந்தாவது கூறு இல்லாமலில்லை; அதற்கும் ஓர் இயல்பு வகுக்கப்பட்டது.

கோவைப் பகுதிக்கு வேறொரு மரபும் உண்டு. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் தமிழகத்தில் 1955-இல் முதன்முதல் தொடங்கப்பட்ட இடம் கோவையே. தொழிலாளியும் முதலாளியும் கூலிக்கேற்பப் பங்கு செலுத்த, நோயுற்றபோது பொருள் கேளாது சிகிச்சை தருவது அதன் நெறி. நூலாலைத் தொழிலாளர் அதனாற் பயன்பெற்றனர். பத்துப் பேருக்குக் குறைந்த சிறு தறிக்கூடங்களில் உழைப்போர் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். சூலூர் வட்டாரத்தில் 'எவ்வளவு ஆகும்?' என்னும் வினா இன்றும் யாருடைய இல்லத்தில் உரக்க எழுகின்றது என்பதற்கு இவ்வெல்லையும் ஒரு விடை.

9. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன வருமாறு:

மருந்து அதிகாரத்தில் நோயுற்றவனை முதற்கண் வைத்தது, ஆயுள்வேத நூல்களின் வைப்பினின்றும் வேறுபட்ட வள்ளுவர் கருத்து.

'பொருளுடைமை' குறளின் பொருளன்று. வாக்படர் மரபினின்றும் உரை வழியாக வந்தது. பாடஞ் சொல்லுங்கால் இவ்வேறுபாட்டைக் கற்பார்க்கு உணர்த்துதல் வேண்டும். பதிப்பாசிரியரும் உரைவிளக்கம் எழுதுவாரும் அவ்விடத்துக் குறிப்பொன்று சேர்த்தல் நன்று.

வேண்டாத சிகிச்சையை அறிதற்கு ஒன்பதாங் குறளின் 'அளவு'ம், தகாத விலையை அறிதற்கு நடுவு நிலைமையின் வாணிக நெறியும் அளவுகோலாம். இவ்விரண்டும் வேறு வேறு குற்றங்கள். ஒன்றை நீக்கினால் மற்றது தானே நீங்கும் என எண்ணற்க. காப்பீடு விலைச் சுமையை இறக்கினும் அளவைக் காக்காது. விலை வரையறை நடுவைக் காப்பினும் மிகைச் சிகிச்சையைத் தடுக்காது.

தனி மருத்துவனின் தூய்மையை மட்டும் நம்பிய நான்கு கூற்று முறைக்கு, நிறுவனம் என்னும் ஐந்தாவது கூற்றையும் சேர்த்து, அதற்குரிய இயல்புகளை வகுத்தல் இக்காலத்தார் கடன். செய்த சிகிச்சையின் தொகையோடு மருத்துவனின் ஊதியத்தைப் பிணையாமை, சிகிச்சைக்கு முன்னரே விலையையும் மாற்று வழியையும் நோயாளியின் மொழியில் எடுத்துரைத்தல், இரண்டாம் மருத்துவரின் கருத்தைக் கேட்க இடந்தருதல், அறுவைகளின் கணக்கை அரசுக்கும் மக்களுக்கும் வெளிப்படுத்துதல் என்னும் நான்கும் அதற்குத் தக்கன என்பது எம் துணிபு. இவற்றுள் மொழி பற்றிய ஒன்று தமிழ்த் துறையாரின் கைக்குள் அடங்கியது. நோயாளி கையொப்பமிடும் உடன்பாட்டுத் தாள், படித்தார்க்கும் விளங்காத ஆங்கிலத்தில் நிற்பதை மாற்றி, தறி ஓட்டுவார் வாசித்து உணரத்தக்க தெளிந்த தமிழில் வரைந்து தரும் பணியைப் பல்கலைக் கழகத் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளலாம். அங்ஙனம் செய்வதும் அக்குறட்பாக்களுக்கு எழுதும் ஓர் உரையே ஆகும்.